கிரேவல் வாக்ஸ் ரீல்: ஸ்வரம் வந்துடுச்சு, வில் வரல

வில்லடி_வாசு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் மக்களே. வயலின் பகுதியிலதான் இதைக் கேட்கணும்னு தோணுச்சு, இடம் தப்புன்னா நெறியாளர் சுருதிப்பெட்டி மாத்தி விடுங்க.

திருச்சியில வர்ணம் வரைக்கும் கர்நாடக வயலின் கத்துக்கிட்டவன் நான். இப்போ டப்ளின்ல வேலை. இங்க வந்து ஐரிஷ் ஃபிடில் (வாத்தியம் அதே வயலின்தான்) பக்கம் சாய்ஞ்சு சில வருஷம் ஆகுது. 'தி கிரேவல் வாக்ஸ்'னு ஒரு ரீல் (ஆட்ட மெட்டு). டொனிகால் மாவட்டத்து மெட்டு. ஆர்ட்ராவுக்கும் கிளென்கொலம்கில்லுக்கும் நடுவுல கிரானின்னு ஒரு ஒதுக்குப்புறப் பள்ளத்தாக்கு இருக்கு. அங்க போற சரளைக்கல் பாதையோட பேருதான் இந்த மெட்டுக்குன்னு சொல்றாங்க. நெட்ல கிடைச்ச நோட்டேஷனை வெச்சு அதைச் சுத்தமா உருப்போட்டு, எங்க ஏரியா பப்ல உட்கார்ந்து வாசிக்கிற கூட்டத்துல வாசிச்சேன். டொனிகால்லேர்ந்து வந்த ஒரு பெரியவர் முழுசாக் கேட்டாரு. நல்லாருக்குன்னும் சொல்லல, நல்லா இல்லன்னும் சொல்லல. "யார்கிட்டேருந்து எடுத்தே?"ன்னு மட்டும் கேட்டாரு. நெட்லேர்ந்துன்னேன். தலையை ஆட்டிட்டு பீரை எடுத்துக்கிட்டாரு.

ஒரு ஸ்வரம் கூடப் பிசகல, அது எனக்கு நிச்சயமாத் தெரியும். அப்போ அவர் காதுல எது குறைஞ்சிருக்கும்? ஒரு ஊர்க்காரங்க தலைமுறை தலைமுறையாக் கைமாத்தி வர்ற மெட்டுல, ஸ்வரம் போக வேற என்ன கைமாறுது?

கும்பகோணம்_கிட்டு

வாசு, முதல்ல ஸ்வரத்தைப் போடுங்கோ, அப்புறம் தத்துவம் பேசலாம். எந்த ராகச் சாயல்? எத்தனை அட்சரம்? ஸ்வரமும் தாளமும் சரியா இருந்து பாவம் (உணர்ச்சி) இல்லேன்னா அது வாசிக்கறவன் குறை. ஊர் என்ன பண்ணும்?

வில்லடி_வாசு

கிட்டு சார், இந்தாங்க. ஃபிடில் சுருதி நம்ம மாதிரி ஸ-ப-ஸ-ப இல்ல. ஜி, டி, ஏ, ஈ. இந்த மெட்டுக்கு ஏ தந்தியைத் திறந்து வாசிச்சா அதுதான் ஸட்ஜம். அவங்க 'டோரியன்'ம்பாங்க, நமக்கு அப்படியே கரகரப்பிரியா ஸ்வரங்கள். கமகம் கிடையாது.

ரீல்னா வேகமான ஆட்ட மெட்டு. ஒரு அளவுக்கு, அதாவது ஒரு தாளக் கட்டுக்கு, எட்டு மாத்திரை. நான் வாசிக்கிற பாடத்துல எடுப்பு இப்படி:

ஸா பஸ கஸபஸ | ஸா பஸ ரிஸநிரி

(அந்த நி கீழ் ஸ்தாயி.) ஸட்ஜம் திறந்த தந்தி, பஞ்சமமும் திறந்த தந்தி. ரெண்டுக்கும் நடுவுல வில் ஆடிக்கிட்டே இருக்கும். பெரும்பாலான ரீலுக்கு ரெண்டு பாகம்தான். இதுக்கு நாலு. பின்னாடி வர்ற பாகங்கள்ல மெட்டு மேல ஏறும்.

கும்பகோணம்_கிட்டு

வாசிச்சுப் பார்த்தேன். அரை மணியில வந்துடுத்து. நன்னாத்தான் இருக்கு. ஆனா கரகரப்பிரியான்னு சொல்லாதேள். ஸ்வரம் அதோடது, ராகம் அதோடது இல்லை.

தவில்_பித்தன்

கிட்டு சார், நீங்களே வாசு கேள்விக்குப் பதில் சொல்லிட்டீங்க 😄

யாழினி_லெட்டர்கெனி

வணக்கம். நான் டொனிகாலிலதான் இருக்கிறன், லெட்டர்கெனியில. வாசு அண்ணா, அந்தப் பெரியவர் உங்களை மட்டம் தட்டுறதுக்காகக் கேட்டிருக்க மாட்டார். இஞ்ச ஆரும் ஒரு மெட்டை வாசிச்சு முடிச்சா முதல் கேள்வியே அதுதான். எந்த மெட்டெண்டு கேட்கிறதை விட ஆரிட்ட இருந்து வந்ததெண்டு கேட்கிறதுதான் கூட.

இந்த ரீலைப் பற்றிக் கதைச்சால் டோஹர்ட்டி குடும்பத்தை விட்டுப்போட்டுக் கதைக்கேலாது. தகரவேலைக்காரர். ஊர் ஊராய் நடந்து போய்ப் பால் வாளி, குவளை எல்லாம் செய்து கொடுக்கிறது, இரவில ஃபிடில் வாசிக்கிறது. தகப்பன் மிக்கி மோர், மகன்மார் மிக்கி, சைமன், ஜான். ஜான் 1980இல செத்தவர், அவரின்ர பெயர்தான் வெளியில கூடத் தெரியும். கனகாலம் தனக்கெண்டு ஒரு ஃபிடில்கூட வைச்சுக்கொள்ளாமலே திரிஞ்சவர். போற வீட்டுச் சுவரில ஒண்டு தொங்கும்தானே! தகரத்திலயே ஃபிடில் செய்தும் இருக்கினம் இந்தக் குடும்பம்.

கிரேவல் வாக்ஸ் அண்ணன்காரன் மிக்கியோடதான் சேர்த்துச் சொல்லுப்படுறது. அயர்லாந்து நாட்டாரியல் ஆணையம் 1949இல கருவியும் கொண்டு வந்து அவர் வாசிச்சதைப் பதிவு செய்தது. கனவருசத்துக்குப் பிறகு அது இசைத்தட்டாய் வந்தபோது தலைப்பே இந்த ரீலின்ர பெயர்தான்.

அண்ணா, நெட் நோட்டேஷனைக் கொஞ்ச நாள் மூடி வைச்சிட்டு மிக்கி வாசிச்சதைக் கேளுங்கோ.

மெட்டுக்காரன்

வழக்கமான வாய்மொழி மரபுப் புராணம் ஆரம்பித்துவிட்டது. கொஞ்சம் உடைக்கிறேன், யாழினி கோபிக்க வேண்டாம்.

ஜான் டோஹர்ட்டிக்கு மிகவும் பிடித்த ஃபிடில்காரர் யார் தெரியுமா? ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் ஸ்காட் ஸ்கின்னர் (1843–1927). மேடைக் கலைஞர், நோட்டேஷன் படித்தவர், புத்தகம் போட்டவர். ஜான் அவரை நேரில் கேட்டுக் கற்கவில்லை, கிராமபோன் தட்டில் கேட்டார். "யாரிடமிருந்து எடுத்தாய்" என்ற கேள்வியை அன்று அவரிடம் கேட்டிருந்தால் "தட்டிலிருந்து" என்பதுதானே பதில்?

இதே கதைதான் மற்ற மாவட்டங்களிலும். ஸ்லைகோவிலிருந்து நியூயார்க் போன ஃபிடில்காரர் மைக்கேல் கோல்மன் அங்கே பதிவு செய்த 78 சுற்றுத் தட்டுகள் கப்பலேறி அயர்லாந்து கிராமங்களுக்குத் திரும்பி வந்தன. பல ஊர்களில் உள்ளூர்ப் பாணியையே அவை அமுக்கிவிட்டன. அதற்கு முன்பே 1903இல் ஃபிரான்சிஸ் ஓ'நீல் 1850 மெட்டுகளை அச்சில் போட்டுவிட்டார். அவர் யார் என்றால் சிகாகோ நகரத்தின் போலீஸ் தலைவர்! ஆக, காகிதமும் தட்டும் நுழையாத கிராமம் நூறு வருடமாகவே கிடையாது. வாசு நெட்டில் எடுத்ததில் என்ன குற்றம்?

வில்லடி_வாசு

குற்றம்னு யாரும் சொல்லல மெட்டு. ஆனா நீங்க சொன்ன உதாரணத்துலயே ஒண்ணு இருக்கு. ஸ்கின்னர் தட்டை ஜான் *கேட்டாரு*. படிக்கல.

தவில்_பித்தன்

எனக்கு வேற சந்தேகம். தகரவேலைக்காரங்க, ஊர் சுத்துறவங்க. இவங்களை வீட்டுக்குள்ள சேர்த்தாங்களா? எங்க பக்கம் நையாண்டி மேளக்காரங்க கதை எனக்குத் தெரியும். கொடை நடக்கிற மூணு நாளும் மேளம் இல்லாம சாமி ஆடாது. நாலாம் நாள் வாத்தியத்தைத் தோள்ல போட்டுக்கிட்டுப் பஸ் ஸ்டாண்டுல நிக்கணும், திரும்பிப் பாக்க ஆள் இருக்காது. அயர்லாந்துல எப்படி?

யாழினி_லெட்டர்கெனி

நல்ல கேள்வி பித்தன் அண்ணா. இஞ்சயும் காணியில்லாத நாடோடித் தகரக்காரரை ஊர் ஒதுக்கித்தான் வைச்சிருந்தது, இண்டைக்கும் அந்தச் சனத்துக்கு மேல கடும் ஒதுக்கல் இருக்கு. ஆனால் டோஹர்ட்டிமாருக்கெண்டு வழக்கமான வீடுகள் இருந்தது. அவை பெரிய வட்டத்தில திரியேல்லை. ஆர்ட்ரா, கிளென்டீஸ், கிளென்ஃபின், கில்கார் சுற்றுவட்டம்தான். ஒரு வீட்டில கனநாள் தங்குவினம். வந்திட்டினம் எண்டு கேள்விப்பட்டால் பக்கத்து வீட்டுச் சனமெல்லாம் அங்க கூடும். நெருப்புக்குப் பக்கத்தில கதிரை, கதை, மெட்டு, ஆட்டம். ஜான் ஒரு மெட்டுக்கு முன்னால அதின்ர கதையைச் சொல்லித்தான் தொடங்குவார். இது தேவதைகளிட்ட இருந்து வந்த மெட்டு, இது இன்ன மலையில கேட்டது எண்டு.

கிரேவல் வாக்ஸ் ஒரு வீட்டில இருந்து மற்ற வீட்டுக்குப் போனது இப்பிடித்தான். வாளியும் மெட்டும் ஒரே கையால வந்தது.

இன்னொரு விசயம். தாய்வழிச் சொந்தத்தில டர்லோ மக்ஸ்வீனி எண்டு பெரிய பைப் (தோல்பை வாத்தியம்) கலைஞர் ஒருத்தர். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில வாசிச்சவர். இவையின்ர ஃபிடிலில பைப்பின்ர சாயல் இருக்கிறது அதாலதான் எண்டு சொல்லுவினம்.

கும்பகோணம்_கிட்டு

1893 சிகாகோவா? விவேகானந்தர் பேசின சர்வமத மகாசபை அந்தக் கண்காட்சியை ஒட்டி நடந்ததுதானே! பலே.

பைப் சாயல்னு சொன்னதும் ஸா-ப-ஸா ஏன் விடாம வரதுன்னு இப்போ புரியறது. ஒத்து! நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதற மாதிரி ரெண்டு திறந்த தந்தியும் பின்னால நிக்கறது. நம்மூர்லயும் ராஜரத்தினம் பிள்ளை நாயனத்தைக் கேட்டுத்தானே பாடகர் ஜி.என்.பி. ராக ஆலாபனையை அந்த வழியில கொண்டு போனார். ஊதற வாத்தியத்துக்கு அப்படி ஒரு இழுப்பு.

மெட்டுக்காரன்

எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் "நெருப்புப் பக்கத்தில் கதிரை" எப்போது நின்றது என்பதையும் சொல்லுங்கள். 1935இல் அயர்லாந்து அரசு பொது நடன அரங்குச் சட்டம் கொண்டு வந்தது. உரிமம் இல்லாமல் பொது ஆட்டம் கூடாது. சட்டத்தில் இருந்ததைவிடப் பாதிரியார்களும் போலீசும் ஒரு படி மேலே போய், வீட்டு ஆட்டங்களையும் நாற்சந்தி ஆட்டங்களையும் விரட்டினார்கள். ஆட்டம் கூடத்துக்குப் போனது, கூடத்தில் பத்துப் பேர் சேர்ந்து வாசிக்கும் 'கெய்லி' பேண்டு வந்தது. ஒற்றை ஃபிடில்காரருக்கு வேலை போயிற்று. இதோடு வெளிநாடு போனவர்கள் பாதி ஊர். மரபு தொடர்ந்தது என்று சொல்லும்போது எவ்வளவு அறுந்தது என்பதும் கணக்கில் வர வேண்டும்.

யாழினி_லெட்டர்கெனி

ஓம், அது உண்மை. மறுக்கேல்லை. ஆனால் சனம் வெளியில போனதில ஒரு வரவும் இருக்கு. இஞ்சத்தைச் சனம் ஒவ்வொரு வருசமும் ஸ்காட்லாந்துக்கு உருளைக்கிழங்கு கிண்டப் போய்த் திரும்பி வரும். அதோட அந்த நாட்டு மெட்டுகளும் வந்து சேர்ந்தது. அதுதான் டொனிகாலில ரீலோட சேர்த்து ஹைலண்ட் எண்ட ஆட்ட மெட்டும் வாசிக்கினம், தெற்கில இவ்வளவு இல்லை. நீங்கள் சொன்ன ஸ்கின்னர் தட்டும் அந்தப் பாதையிலதான் பொருந்துது.

கும்பகோணம்_கிட்டு

ஸ்காட்லாந்துன்னதும் ஒண்ணு சொல்லணும், நம்ம பக்கத்துச் சமாசாரம். முத்துஸ்வாமி தீக்ஷிதர் மெட்ராஸ் பக்கம் மணலியில இருந்த காலத்துல, கோட்டை பேண்டுக்காரா வாசிச்ச மேல்நாட்டு மெட்டுக்கெல்லாம் சமஸ்கிருத சாகித்யம் போட்டார். நோட்டுஸ்வரம், சுமார் 40 இருக்கு. அதுல 'ஜகதீச குருகுஹ' எதோட மெட்டு? ஸ்காட்லாந்தின் 'லார்டு மக்டொனால்ட்ஸ் ரீல்'! 'வந்தே மீனாக்ஷி' அயர்லாந்தின் 'ரேக்ஸ் ஆஃப் மாலோ'. அவர் தம்பி பாலுஸ்வாமி அதே மெட்ராஸ்ல ஐரோப்பியர்கிட்ட வயலின் கத்துண்டுதானே அந்த வாத்தியமே நம்ம கச்சேரிக்கு வந்தது.

அதனால வாசு, ரீலுக்கு நீங்க முதல் தமிழர் இல்லை. இருநூறு வருஷம் லேட்!

வில்லடி_வாசு

😂 சார், இது தெரியாமப் போச்சே. ஜகதீச குருகுஹ சின்ன வயசுல வாசிச்சிருக்கேன், "குழந்தைப் பாட்டு"ன்னு சொல்லிக் கத்துக்குடுத்தாங்க. அந்த ரீலை இங்க வாராவாரம் கேட்கிறேன், ரெண்டும் ஒண்ணுன்னு காதுல விழவே இல்ல. பாருங்க, ஸ்வரம் அதேதான். வில் மாறினதும் எனக்கே அடையாளம் தெரியல.

மெட்டுக்காரன்

இது நல்ல வாதம். ஒப்புக்கொள்ள மனமில்லை, ஆனாலும் நல்ல வாதம்.

சுருதிப்பெட்டி (நெறியாளர்)

நடுவில் ஒரு குறுக்கீடு. மேலே ஒருவர் முழு இசைத்தட்டையும் தரவிறக்கச் சுட்டி போட்டிருந்தார், நீக்கிவிட்டேன். வேண்டியவர்கள் காசு கொடுத்து வாங்குங்கள். தொடரலாம்.

வில்லடி_வாசு

அக்டோபர்ல கிளென்டீஸ் போய்ட்டு வந்தேன். 1980கள் தொடக்கத்துல டொனிகால் ஃபிடில்காரங்க சேர்ந்து 'கார்ஜஸ் ந விட்லேரி'ன்னு ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. அவங்க வருஷா வருஷம் அங்க நடத்துற ஃபிடில் வாரக்கடைசி இது. (ஆகஸ்ட்ல கிளென்கொலம்கில்ல ஒரு வாரப் பயிற்சியும் உண்டு.) வகுப்புல நோட்டேஷன் கிடையாது. டீச்சர் ரெண்டு அளவு வாசிப்பாங்க, நாம திருப்பி வாசிக்கணும், அடுத்த ரெண்டு அளவு. நம்ம குருகுலத்துச் சரளி வரிசைதான்.

எனக்கு முன்வரிசையில இடம் கிடைச்சுது, அதனால கையையே பார்த்துக்கிட்டிருந்தேன். பார்த்ததைச் சொல்றேன், வயலின் வாசிக்கிறவங்க கையில வில்லை எடுத்துக்கிட்டே படிங்க.

நாம ஒரு வில்லுக்கு நாலு, எட்டு ஸ்வரம் கோக்குறோம். ஸ்லைகோ பக்கத்து ஐரிஷ் பாணியிலயும் கோர்வை நிறைய. டொனிகால்ல பெரும்பாலும் ஒரு ஸ்வரத்துக்கு ஒரு வில். ரொம்பக் குட்டி வில். முழங்கை கிட்டத்தட்ட அசையாது, மணிக்கட்டுதான். அதனால ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாப் பொரியுற மாதிரி விழுது.

இப்போ எடுப்புல அந்த 'ஸா' பாருங்க. நோட்டேஷன்ல ரெண்டு மாத்திரை நீளம்னு போட்டிருக்கும், நானும் நீட்டித்தான் வாசிச்சேன். இவங்க அதே ரெண்டு மாத்திரைக்குள்ள 'ஸஸஸ'ன்னு மூணா வெட்டுறாங்க. விரல் ஒண்ணும் பண்றதில்ல, திறந்த தந்திதானே. மணிக்கட்டு மட்டும் கீழ்-மேல்-கீழ். மூணும் ஒரே கனம் இல்ல, முதலாவது அழுத்தம், அடுத்த ரெண்டும் அதோட உதறல்ல தானா வர்ற மாதிரி. அது முடியுற கையோட பஞ்சமத் தந்திக்கு வில் தாவணும். எனக்கு அங்கதான் கால் இடறுது. மூணா வெட்டினா வில் திசை மாறிப் போகுது, ப-வுக்கு நான் நினைச்ச பக்கம் வில் இருக்கிறதில்ல.

எல்லா 'ஸா'வையும் வெட்டுறதும் இல்ல. எதை வெட்டுறது, எதை நீட்டுறதுன்னு டீச்சர்கிட்ட கேட்டேன். ஆளுக்கு ஆள் மாறும், தான் இந்த இடத்துல வெட்டுறதுக்குக் காரணம் தனக்குக் கத்துக்குடுத்தவர் அங்க வெட்டினதுன்னு சொன்னாங்க. அந்தப் பெரியவர் கேட்டது இதைத்தான்னு நினைக்கிறேன். யார்கிட்டேருந்து எடுத்தேன்னு தெரிஞ்சா எங்க வெட்டுவேன்னு தெரிஞ்சிடும்.

தவில்_பித்தன்

இது எங்களுக்குப் புரியும். ஒரே தீர்மானம் (தாளத்தை முடிக்கிற கோர்வை), எங்க காதுக்கு மட்டும் விரல்ல மாட்டுற கூடு தவில்ல விழுற இடத்தை வெச்சு எந்த ஊர்ப் பாணின்னு தெரியும். எழுதி வைக்கச் சொன்னா 'தா'ன்னுதான் எழுதுவோம்.

யாழினி_லெட்டர்கெனி

வாசு அண்ணா, ரெண்டு பேர் சேர்ந்து வாசிக்கேக்க ஒராள் கீழ் ஸ்தாயிக்கு இறங்கிப் போறதைக் கேட்டீங்களோ? 'ரிவர்ஸிங்' எண்டுவினம். கில்கார் பக்கத்தில ஃபிரான்சியும் மிக்கியும் எண்டு பர்ன் சகோதரர் ரெண்டு பேர் அதுக்குப் பெயர் போனவை. கிட்டாரும் பியானோவும் இல்லாத வீட்டில ரெண்டு ஃபிடிலாலயே ஆட்டத்துக்குச் சத்தம் எடுக்கிற வழி அது.

வில்லடி_வாசு

கேட்டேன்! ராத்திரி ஓட்டல் ஹால்ல ரெண்டு பெரியவங்க பண்ணாங்க. நாம ரெண்டு பேர் ரெண்டு ஸ்தாயில வாசிக்கிற மாதிரிதான், ஆனா கீழ வாசிக்கிறவர் அப்பப்போ மேல ஏறி இவரோட சேர்ந்துக்கிட்டு, திரும்ப இறங்குறாரு. கண் ஜாடை கூட இல்ல.

மெட்டுக்காரன்

கடைசியாக ஒரு குடைச்சல். 1949இல் மிக்கி வாசித்தது ஒரு நாள், ஒரு மனநிலை. அடுத்த நாள் வேறு 'ஸா'வை வெட்டியிருப்பார். பதிவுக் கருவி அந்த ஒரு நாளைப் பிடித்து வைத்துவிட்டது. இன்று சிரத்தையுள்ள மாணவன் அந்த ஒரு நாளை அச்சுப்பிசகாமல் வாசிக்கிறான். அவனைக் கேட்டால் "மிக்கியிடமிருந்து எடுத்தேன்" என்பான். நோட்டேஷனை விட்டு ஓடி இன்னொரு நோட்டேஷனில் விழுந்த கதை. இதற்கு உங்கள் சங்கம் என்ன சொல்கிறது?

யாழினி_லெட்டர்கெனி

சங்கம் என்ன சொல்லுதோ எனக்குத் தெரியேல்லை, பிள்ளையள் என்ன செய்யுதுகள் எண்டு சொல்லுறன். என்ர மகள் போற ஃபிடில் வகுப்பில எல்லாரும் டீச்சர் வாசிக்கிறதை ஃபோனில பதிஞ்சு கொண்டு வருங்கள். கிழமை முடிய டீச்சரே போன கிழமை வாசிச்ச மாதிரி வாசிக்கிறேல்லை. பிள்ளையள் "டீச்சர், ஃபோனில வேற மாதிரி இருக்கு" எண்டு சண்டைக்குப் போகுதுகள். டீச்சர் சிரிச்சிட்டு மூண்டாவது விதமாய் வாசிக்கிறா. மிக்கியின்ர பதிவுக்கு ஆபத்தெண்டால், அது பக்கத்தில அப்பிடி ஒரு டீச்சர் இல்லாத இடத்திலதான்.

மெட்டுக்காரன்

டப்ளினில், சென்னையில், டோக்கியோவில் உட்கார்ந்து கற்பவனுக்கு அந்த டீச்சர் இல்லையே. என் கேள்வி அப்படியே நிற்கிறது.

கும்பகோணம்_கிட்டு

நிக்கட்டும். வாசு, அந்த ஸஸஸ விஷயம் சொல்லுங்கோ. நான் நேத்திக்குச் சாயந்தரம் முழுக்க முயற்சி பண்ணினேன். நமக்குத் தரையில உட்கார்ந்து வாத்தியத்தைக் கணுக்கால்ல சாய்ச்சு வாசிச்சுப் பழக்கம். வில் நுனிப் பக்கம் போனா மணிக்கட்டு அடைச்சுக்கறது.

வில்லடி_வாசு

சார், நுனிக்குப் போகாதீங்க, நடுவில்லுக்குச் சித்த மேல நில்லுங்க. சுண்டு விரலைத் தளர்த்துங்க. ஸஸஸ முடிஞ்சதும் ப-வை மேல்வில்லுல எடுங்க, கீழ்வில்லுக்காகக் காத்திருக்காதீங்க. முதல்ல ரொம்ப மெதுவா, ஸஸஸ-ப-ஸ மட்டும். மிச்சத்தை விட்டுடுங்க.

கும்பகோணம்_கிட்டு

மேல்வில்லா! அதான் விஷயமா. சரி, நாளைக்கு வாசிச்சு ஆடியோ போடறேன். யாழினி, உங்க பொண்ணைக் கேட்கச் சொல்லுங்கோ.

யாழினி_லெட்டர்கெனி

சொல்லுறன் ஐயா. ஆனால் அவள் முதல் கேட்கப்போறது ஆரிட்ட இருந்து எடுத்தீங்களெண்டுதான். வாசு அண்ணாவின்ர பெயரைச் சொல்லுங்கோ.